இரண்டு யோராம்கள்

யோராம் இரண்டு பேர். காலையிலிருந்து இதைத்தான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறேன். யோராம் இரண்டு பேர், ஒருத்தன் இஸ்ரவேலுக்கு ராஜா, இன்னொருத்தன் யூதாவுக்கு ராஜா, இரண்டு பேரும் ஒரே காலத்தில், போதாததற்கு ஒருத்தன் கூடப்பிறந்தவளை இன்னொருத்தன் கட்டியிருக்கிறான். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பெயர். கல்யாண வீட்டில் யாராவது யோராமே என்று கூப்பிட்டிருந்தால் இரண்டு பேரும் இலையை விட்டு எழுந்திருப்பார்கள். இவன் அப்பா ஆகாப், அவன் அப்பா யோசபாத். ஆகாப் கெட்டவன், யோசபாத் நல்லவன், அதனால் யூதாவின் யோராமும் நல்லவனாகத்தான் இருக்கவேண்டும் என்று போன தேர்வில் நானாக முடிவுசெய்து, ‘யோராம் சகோதர அன்பில் சிறந்து விளங்கினான்’ என்று எழுதிவைத்தேன். அவனோ பட்டத்துக்கு வந்த கையோடு தம்பிமாரையெல்லாம் வெட்டிப்போட்டவன். தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் மாசிலாமணி ஐயர் சிவப்பு மையில் ‘தம்பிகளிடம் கேட்டுப் பார்’ என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மாசிலாமணி ஐயர், நாங்கள் போதகராகப் படிக்கிற இந்த செமினரியில் பழைய ஏற்பாடு நடத்துகிறவர். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தேசத்து ராஜாக்களையும் முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் சொல்வார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் அவர் அறையில் நான் மட்டும் போய் உட்கார வேண்டும். அதற்குள் யோராம் இரண்டு பேர்.

நான் உட்கார்ந்திருப்பது வாலிபால் நடுவர் நாற்காலியில். ஏணி மாதிரி ஏறிப்போய் உட்காருகிற உயர நாற்காலி, வாகை மரத்தடியில் வலை இல்லாத கம்பத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறது. அறையில் படிக்க முடியாது, தங்கதுரை கண்ணாடி முன்னால் நின்று நாளைய பிரசங்கத்தைக் கைவீசிப் பழகிக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு தடவை அவன் மனந்திரும்பச் சொல்லும்போதும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். லைப்ரரியில் உட்கார்ந்தால் தூக்கம். சிற்றாலயத்தில் உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சி. இங்கே காற்று வருகிறது, வாகை நெற்றுகள் சலசலக்கின்றன, வேதாகமத்தின் மெல்லிய தாள்கள் தாமாகவே புரண்டு நான் விட்ட ராஜாவிடமிருந்து வேறு ஏதோ ராஜாவிடம் கொண்டுபோய் விடுகின்றன. அகசியா என்று ஒருத்தன் மாடியறைக் கிராதி வழியாகக் கீழே விழுந்து எழுந்திருக்கவே இல்லை. அதைப் படித்ததும் நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டேன். அகசியாவும் இரண்டு பேர். யோவாசும் இரண்டு பேர். யெரொபெயாமும் இரண்டு பேர். இந்த ஜனங்களுக்குப் பெயருக்கு அவ்வளவு பஞ்சமா? எங்கள் ஊரில் மூன்று ஜெபமணி இருந்தால் ஒருத்தர் சைக்கிள்கடை ஜெபமணி, ஒருத்தர் ஒத்தக்கண் ஜெபமணி, ஒருத்தர் துபாய் ஜெபமணி. கர்த்தருடைய ஜனத்துக்கு இது தோன்றவில்லை.

மற்ற பாடமெல்லாம் எனக்கு வரும். கிருபை என்றால் என்ன என்று கேட்டால் கட்டுரையாக எழுதித் தள்ளுவேன். பெயர் மட்டும் நிற்காது. இந்த வேதாகம அறிவுத் தேர்வில் கட்டுரை கிடையாது, யார், எங்கே, யாருடைய மகன், அவ்வளவுதான், இதில் தேறாமல் கடைசி வருஷத்துக்குப் போக முடியாது. எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை தோற்றவனுக்கு மூன்றாம் தடவை வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால், இங்கே படிக்க அனுப்பிய திருமண்டலம் ஆளைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளும். வரவழைத்துக்கொள்வது என்றால் பெட்டியோடு பஸ் ஏறுவது. ஊரில் இறங்குகிற இடத்திலேயே அந்த ஃபிளெக்ஸ் இருக்கும். நான் செமினரிக்குப் புறப்பட்டபோது வாலிபர் சங்கத்தார் வைத்தது, வெள்ளைச் சட்டையில் நான் சிரிக்கிறேன், கீழே பெரிய எழுத்தில் ‘வருங்கால ஐயர் தேவஇறக்கம் அவர்களை வாழ்த்துகிறோம்’. என் பெயர் தேவஇரக்கம். சின்ன ர. அச்சுக்காரன் பெரிய ற போட்டுவிட்டான். கடவுளின் கருணையாக இருந்தவன் ஒரே ராத்திரியில் சரிவாகிவிட்டேன். மாற்றச் சொன்னதற்கு, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றார்கள். போன லீவில் பார்த்தேன், காற்றில் கழன்று விழுந்ததை யாரோ பக்கத்து ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே கட்டியிருந்தார்கள். முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. ஆடுகளுக்கு நிழல். அதுவும் ஒரு மேய்ப்பன் வேலைதானே என்று அப்போது சிரித்துவிட்டேன், இப்போது சிரிப்பு வரவில்லை, யோராம், யோராம், யேகூ அம்பெய்து கொன்றது எந்த யோராமை? இஸ்ரவேல் யோராமை. குடல் நோவில் செத்தது யூதா யோராம். செத்தபோது அவனுக்காக ஒருத்தரும் வருத்தப்படவில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மனுஷனைப் பற்றி எழுதிவைக்க இதுவா கிடைத்தது.

எப்சிபா கீழே வந்து நிற்கிறாள். என் வகுப்பில் இருக்கிற பெண்கள் கொஞ்சம் பேரில் ஒருத்தி, இந்தத் தேர்வில் முதல் தடவையே தேறிப்போனவள். கையில் துவைத்த துணி வாளி. அண்ணாந்து பார்த்து, பிரதர், யாருக்கு பாயின்ட் குடுக்கீங்க என்று கேட்கிறாள். இஸ்ரவேலுக்கும் யூதாவுக்கும் மேட்ச், இரண்டு பேருமே தோற்றுவிட்டார்கள் என்கிறேன். அவள் சிரித்தால் வாளியும் சேர்ந்து சிரிக்கிறது. மனாசே ராஜாவின் அம்மா பெயர் எப்சிபாள். அந்தக் கேள்வி மட்டும் வந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏன் அது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று மாசிலாமணி ஐயர் கேட்காமல் இருக்க வேண்டும். எப்சிபாள் வளர்த்த பிள்ளை அவ்வளவு மோசமாகப் போனதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் வருத்தம் உண்டு. போன வாரம் இவள்தான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் வருகிற ஊர்களை வரிசையாக நினைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு ராஜாவாக ஏற்றிவிட வேண்டுமாம். இதை வாளியைக் கீழே வைத்துவிட்டு இப்போது மறுபடியும் விளக்குகிறாள். சொன்னபடி ஏற்றியாயிற்று சிஸ்டர், பஸ்தான் கொள்ளவில்லை என்று சொல்ல நினைத்து, சரி சிஸ்டர் என்கிறேன். ஜெபிச்சுக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கொடியில் துணி காயப்போடுகிற இடம் இங்கிருந்து தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் மனாசே வரைக்கும் எல்லாம் அழிந்துபோகும்.

பஸ் கிளம்புகிறது. யெரொபெயாம் பாளையங்கோட்டையில் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறான். கிருஷ்ணாபுரத்தில் நாதாப். செய்துங்கநல்லூரில் பாஷா ஏறுகிறான், ஏறியதும் நாதாபைக் கொன்றுபோடுகிறான். கருங்குளத்தில் ஏலா, நல்ல குடிபோதை. ஸ்ரீவைகுண்டத்தில் சிம்ரி ஏறி ஏலாவைத் தீர்த்துவிட்டு ஏழே நாள் ராஜாவாக இருந்து அரண்மனைக்கும் தனக்கும் சேர்த்துத் தீ வைத்துக்கொள்கிறான். பஸ்ஸுக்குள் தீ வைக்கலாமா, கண்டக்டர் விடுவாரா. ஆழ்வார்திருநகரியில் உம்ரி. தென்திருப்பேரையில் ஆகாப், கூடவே கண்ணுக்கு மையெழுதிய யேசபேல், பெண்கள் சீட்டைக் காலிபண்ணச் சொல்கிறாள். குரும்பூரில் அகசியா. திருச்செந்தூரில் யோராம். அதோடு பஸ் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் கடல். யேகூ எங்கே ஏறுவான்? இன்னும் பத்துப் பேர் பாக்கி, எல்லாரையும் வேட்டியை மடித்துக் கட்டவைத்து அலையில்தான் இறக்கிவிட வேண்டும். யூதாவுக்கு வேறு பஸ். எனக்கு வேறு பாதை தெரியாது. இப்போதெல்லாம் லீவில் ஊருக்குப் போனால் நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை, கருங்குளம் வந்ததும் குடித்தவன் யாராவது ஏறுகிறானா என்று எட்டிப் பார்க்கிறேன்.

விடுதிச் சமையலறையிலிருந்து கீரை வேகிற வாசனை. சனிக்கிழமை என்றால் கீரை. நேபுகாத்நேச்சார் ராஜா புல் தின்றான் என்று படிக்கும்போதெல்லாம் இந்த விடுதியில் தங்கியிருப்பான்போல என்று தோன்றும். சிரிக்கக் கூடாது, பயப்பட வேண்டிய நேரம் இது, வயிற்றுக்குள் ஏதோ ஒன்று ஊதுகிற மாதிரி இருக்கிறது. ஊதுவது என்றதும் அம்மா. சின்ன வயதில் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் விசிலை விழுங்கிவிட்டேன், அது மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது. மூச்சு விட்டால் விசில், இழுத்தால் விசில். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ரோட்டில் போனவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்களாம். அம்மா அங்கே வராந்தாவில் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்தால் ஆண்டவருடைய ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். டாக்டர் குழாய்விட்டு விசிலை எடுத்துவிட்டார். நான் இங்கே இருக்கிறேன். இங்கே வந்த முதல் வாரம் ஆண்டவர் அவரவரை எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். தங்கதுரை புயலுக்கு நடுவே ஒரு குரலைக் கேட்டிருக்கிறான். ஒருத்தனைப் பாம்பு கடிக்காமல் விலகிப்போயிருக்கிறது. என் முறை வந்ததும் எழுந்து நின்று, நான் விசிலை விழுங்கினேன் என்றேன். மாசிலாமணி ஐயர் மட்டும்தான் சிரிக்கவில்லை. எந்தப் பக்கம் விழுங்கினாய், ஊதுகிற பக்கம் உள்ளேயா வெளியேயா என்று கவனமாகக் கேட்டார். அன்றைக்கே எனக்கு அவரிடம் பயம் வந்துவிட்டது.

தேறாமல் போனால் நல்லதுதானோ. இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? அப்பாவின் சிமெண்டுக் கடையில் உட்காரலாம், அங்கே மூட்டைகளுக்குப் பெயர் கிடையாது. நேர்ந்தது அம்மா, விழுங்கியது நான், இதில் ஆண்டவர் கேட்டாரா என்று யாருக்குத் தெரியும். இப்படி நினைத்துக்கொண்டே போகும்போது ஆஸ்பத்திரி வார்டு வந்து நிற்கிறது. வாரம் ஒரு நாள் எங்களை அங்கே நோயாளிகளைப் பார்க்க அனுப்புவார்கள். கால் எடுத்த சுடலைமுத்து, அவர் மகள் பேச்சிக்கனி, மூச்சுத்திணறல் ரோஸ்பாய் டீச்சர், எதற்குச் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாமல் ஜாலியாக இருக்கிற வன்னியபெருமாள். ஒருத்தர் பெயரும் எனக்குத் தவறவில்லை. சுடலைமுத்து முதல் நாளே, தம்பி, ஜெபமெல்லாம் அப்புறம், மொதல்ல இந்தக் கட்டிலை ஃபேனுக்குக் கீழ தள்ளு என்றார். தள்ளினேன். அதற்கப்புறம் அவரே, இப்போ வேணும்னா ஜெபி என்றார். ஜெபித்தேன், குரல் நடுங்கவில்லை. அந்த வார்டுக்கு இனிமேல் போக முடியாது என்று நினைத்தால் தொண்டையில் ஏதோ அடைக்கிறது, விசில் இல்லை, வேறு ஏதோ. அப்படியானால் எனக்கு இது வேண்டும். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தெரிகிறது, அதுவும் இந்த உயரத்தில், சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில். ராஜாக்களுக்கு முகம் இல்லை, அதுதான் கஷ்டம். ஒருத்தனுக்காவது கால் எடுத்திருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்வேன். இல்லை, ஆசாவுக்குக் காலில் வியாதி வந்தது. ஆசா. ஆசாவுக்குக் கால். அதை ஏன் முன்பே யோசிக்கவில்லை, இனிமேல் யோசித்து என்ன செய்ய.

கீரை இறங்கவில்லை. மணி அடித்தது. ஐயர் அறையில் திரைச்சீலை மூடியிருந்தது, மேசைமேல் ஒரு தாள், பேனா, மூடிவைத்த தண்ணீர் டம்ளர். உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததும் பேனாவைத் திறந்துகொண்டு, ஆசாவின் மகன் யார் என்று கேட்டார். ஆசாவுக்குக் கால் என்று தெரியும், மகன்? காலையிலிருந்து வாயில் ஊறிக்கிடந்த ஒரே பெயர் வெளியே விழுந்துவிட்டது, யோராம் என்றேன். சொன்ன நிமிஷமே தெரிந்துவிட்டது, யோராம் பேரன், மகன் யோசபாத். சரி என்று சொல்லித் தாளில் ஒரு டிக் போட்டார். எனக்கு விளங்கவில்லை. இன்னொரு வாய்ப்பு கொடுப்பார் போலிருக்கிறது என்று நினைப்பதற்குள், ஆசாவின் மகன் யார் என்று மறுபடியும் கேட்டார். யோசபாத் என்றேன். சரி, டிக். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஐயர் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார், பேனாவைச் சரிசெய்தார், இதுவரை ஒன்றுமே கேட்காதவர் மாதிரி நிமிர்ந்து, ஆசாவின் மகன் யார் என்றார்.

இது பொறியா? மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் ஒரே பதில் சொல்கிறேனா என்று பார்க்கிறாரா? யோசபாத் என்றேன், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சரி, டிக். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வகுப்பில் அந்த முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை, எப்போதும் சிவப்பு மையைத்தான் பார்த்திருக்கிறேன். நெற்றி வியர்த்திருந்தது. தாளிலிருந்த டிக்குகளை, யாரோ வேறொருவர் போட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் போதும், இப்படியே ஆசாவின் மகனைச் சொல்லிச் சொல்லிக் கடைசி வருஷத்துக்குப் போய்விடலாம், திருமண்டலம், ஃபிளெக்ஸ், அம்மா, எல்லாரும் தப்பித்தோம். வாயை மூடு இரக்கம் என்று எனக்கு நானே சொல்வது நன்றாகக் கேட்கிறது. ஆனால் சுடலைமுத்துவுக்குக் காய்ச்சல் ஏறியபோது நர்ஸிடம் சொல்லாமல் இருந்தேனா? அதுவும் இதுவும் ஒன்றா? ஒன்றுதான்போல. “ஐயா,” என்றேன், “இதை முன்னாலயே கேட்டீங்க.”

“எத்தனை தடவை?” என்று கேட்டார். மூன்று என்றேன், முதல் தடவை நான் சொன்னது தப்பு, அதற்கும் டிக் போட்டிருக்கிறீர்கள் என்று அதையும் சொன்னேன். சொல்லவேண்டியிருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றார். போன மாதம் ஆராதனையில் ஜெபத்துக்கு நடுவில் அடுத்த வரி வரவில்லையாம், கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். சபையே உருகிப்போய்விட்டதாம். வெளியே வந்து கையைப் பிடித்து, இப்படி ஒரு மௌனத்தை நாங்கள் அனுபவித்ததே இல்லை என்றார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினேன். பாடம் எடுப்பதை நிறுத்திக்கொள்கிறேன் என்று பிரின்சிபாலிடம் சொல்லிவிட இரண்டு தடவை போனாராம். இரண்டு தடவையும் லைப்ரரி ஃபேன் ரிப்பேரைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டார். “அது மறதியா பயமான்னு எனக்கே தெரியலை,” என்றார். பிறகு எழுந்து மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். “கூட வா. போற வழியில எதுக்குப் போறோம்னு விட்டுப்போச்சுன்னா நீ சொல்லு.”

நீளமான வராந்தா. ஐயர் நடக்கிறார், நான் அரையடி பின்னால். தேர்வு முடிந்ததா இல்லையா என்று எப்படிக் கேட்பது? அவரே ஆரம்பித்தார். தாள் கையிலேயே இருந்தது, கேட்டு முடிந்த கேள்வியை விரலால் மறைத்துக்கொண்டு அடுத்ததைப் படித்தார். யோவாசை ஆலயத்தில் ஒளித்துவைத்தது யார்? யோசேபாள். ஆலயத்தைப் பழுதுபார்த்த ராஜா? அது அதே யோவாஸ்தான், அவன் ஏன் அதைச் செய்தான் என்று ஐந்து நிமிஷம் பேசினேன், கேட்காத பதிலுக்கு மார்க் கிடையாது என்றார். ஓசெயாவுக்கு முந்தினவன்? தெரியவில்லை. மெனாகேமின் தகப்பன்? தெரியவில்லை ஐயா. தூணுக்குத் தூண் ஒரு கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன், கடைசிவரை மனாசேயின் அம்மாவைக் கேட்கவே இல்லை. பிரின்சிபால் அறைக்குப் பக்கத்தில் நின்று தாளைச் சுவரில் வைத்துக் கூட்டிப் பார்த்தார், ஆசாவின் மகனுக்குப் போட்டதில் இரண்டு டிக்கை அடித்துவிட்டார், மறுபடியும் கூட்டினார். என்னிடமே கொடுத்து நீயும் ஒரு தடவை கூட்டிப் பார் என்றார். கூட்டினேன். “தேறிட்டே,” என்றார். “தலை தட்டாம நிலைவாசல்ல குனிஞ்சு வந்த மாதிரி.” எனக்கு ஓடிப்போய் எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. கால் நகரவில்லை.

அவர் திரையை விலக்கி உள்ளே போனார். பிரின்சிபால் அம்மா ஒரு காலத்தில் அவருடைய மாணவி, அவர் வந்தால் இன்னமும் எழுந்து நிற்பார்கள், நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றேன். உள்ளே அவர் குரல் வகுப்பில் வருவதுபோலவே தெளிவாக வந்தது. “அம்மா, நான் இந்த வருஷத்தோட,” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஒரு காகம் வராந்தாக் கைப்பிடியில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. மறந்துவிட்டதா, அழுகையா, இல்லை அந்த ஃபேன்தான் மறுபடியும் வரப்போகிறதா? அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். திரையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு எனக்கு மட்டும் தெரிந்து என்ன? திரையைத் தூக்கினேன். இரண்டு பேரும் திரும்பவில்லை.

“பாடம் எடுக்கிறதை நிறுத்திக்கிடணும்னு சொல்ல வந்திருக்காங்க அம்மா,” என்றேன். “அவங்களுக்கு ஞாபகம் விட்டுவிட்டுப் போகுது. டாக்டர்ட்ட போகணும்.” கடைசியில் சொன்னது நானாகச் சேர்த்தது.

ஐயர் என் பக்கம் திரும்பினார். “அதேதான்,” என்றார். பிரின்சிபால் அம்மா மேசையைச் சுற்றி வந்து அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னொன்றையும் இழுத்தார்கள்.